பூச்சிதான் சரக்கு

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய அம்புரோஸ் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் ஜெஸ்மி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அம்மா சுகம், நானும் சுகம். என் வலது கண் மட்டும் மூடியிருந்தது, அதுவும் ஞாயிறு பூசைக்குள் திறந்துவிட்டது. சென்னையில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை, அதனால் கடிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏரல் போகும் ரோட்டில் இருக்கும் உங்கள் மூன்று ஏக்கர் முருங்கைத் தோட்டத்தை லாரி யார்டுக்குக் குத்தகைக்கு விடப் பத்திரம் தயாராக இருக்கிறது. அங்கே தேனீ வளர்க்கிறேன் என்றதற்கு, "பார்சல்ல வார ஈ ஒரு வாரம் பெட்டியில தங்கிச்சுன்னா கையெழுத்துப் போடல. ஓடிப்போச்சுன்னா அவனுவ சிமென்ட் போட்டிருவானுவ, பொறவு என்னையக் கொறை சொல்லாத" என்றீர்கள். அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் சொல்லி வரவழைத்த பெட்டி போன புதன்கிழமை பார்சல் ஷெட்டுக்கு வந்தது. உள்ளே நாலு தேனடை, ஒரு ராணி, மற்றதெல்லாம் வேலைக்காரிகள். வாயில் கம்பி வலை. மேலே 'உயிருள்ள பூச்சிகள், காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்' என்று ஒட்டியிருந்தது. அந்தத் தகரக் கொட்டகையில் மூட்டை தூக்கும் பதினாறு பேர் மேல் யாரும் அப்படி ஒட்டியதில்லை. ஷெட்டுக்குப் பொறுப்பு வேதமணி அண்ணாச்சி. அதற்கு முன்னால் இருபது வருசம் துறைமுகத்தில் கன்டெய்னருக்குப் பூச்சிமருந்து வைத்தவர். கான்ட்ராக்டர் அவருக்கு முகமூடி கொடுக்கவில்லை, இருமல் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: பெட்டியில் பூச்சி இருந்தால் மருந்து வை, சர்டிபிகேட் எழுது, வெளியே விடு. நான் போனபோது பெட்டியை மூடுவதற்குத் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் மருந்து டப்பா.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய?"

"பூச்சி இருக்குன்னு பெட்டி மேலயே எழுதியிருக்கான், யோக்கியமான ஆளு. மருந்து வச்சு நாளைக்குத் தாரேன்."

"அது பூச்சிதான் அண்ணாச்சி."

"அதத்தான் நானும் சொல்லுதேன். சரி, சரக்கு எங்க?"

"பூச்சிதான் சரக்கு."

என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மருந்து வச்சா சரக்கு போயிருமே?"

"ஆமா."

"மொதல்லயே சொல்லக்கூடாதா ஏளா?"

டப்பாவை மூடினார், நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் மனுசன் ரசீதை எடுத்து "எத்தன உருப்படி?" என்றார், எண்ண முடியாது என்றேன், "எண்ணாம வாங்கிட்டுப் போயி ரெண்டு கொறையுதுன்னு நாளைக்கு வந்து நின்னா எனக்குல்லா மெமோ" என்று சொல்லிக்கொண்டே, கன்டெய்னர் சீலை உடைச்சு சரக்கைப் பார்க்குற பழைய பழக்கத்துல, வலையைத் திறந்துட்டார், மாமா. கிளார்க் ஓடுதான், பார்சல் எடுக்க வந்தவன் ஓடுதான், லாரி டிரைவர் கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே உக்காந்துட்டான், அண்ணாச்சி தான் விரிச்ச தார்ப்பாய்க்குள்ளயே புகுந்து படுத்துட்டாரு, என் கண்ணுல ஒண்ணு கொட்டிருச்சு. தலையில மூட்டையோட நின்ன ஒரு அண்ணன் மட்டும் ஓடல. மூட்டையப் போட்டுட்டு ஓடினா மறுநாள் அவருக்கு வேலை கிடையாது. மூணு கொட்டு வாங்கிக்கிட்டு, மூட்டைய ஒழுங்கா அடுக்கி வச்சுட்டு, அப்புறம்தான் ஓடினாரு. நல்லவேளை, ராணி அடையை விட்டு நகரல, அதனால பறந்ததெல்லாம் பொழுது சாயத் திரும்பி வந்து அடைஞ்சுது. ரசீதுல 'ராணி ஒன்று, மற்றவர்கள் முழுமையாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, குட்டியானை வண்டியில தோட்டத்துக்குக் கொண்டுபோயிட்டேன்.

தோட்டத்தில் காய் பறிக்கும் செல்லக்கிளி அக்கா முதல் நாள் கிட்டேயே வரவில்லை. மூன்றாம் நாள் பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "ஏளா ஜெஸ்மி, விடியவும் போவுது, இருட்டவும் வருது, இதுகளுக்கு ஞாயித்துக்கிழமையும் கெடையாதா?" என்றாள். கிடையாது என்றேன். "அப்ப நம்ம ஆளுவதான்" என்றாள். நேற்று யார்டுக்காரர் நிலம் அளக்க டேப்போடு வந்து, சிமென்ட் போட்டால் ஏரியாவே டெவலப் ஆகிவிடும் என்றார். "பறிக்கிற நாங்க அஞ்சு பேரு எங்கன போயி டெவலப் ஆவ?" என்று அக்கா கேட்டாள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

நாளையோடு ஒரு வாரம். இப்போதே முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கிவிட்டன மாமா, காலில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றன. ஆகவே கையெழுத்துப் போடாதீர்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்காலையும் சர்க்கரையையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஜெஸ்மி

பி.கு.: புதன் மதியம். கவரை ஒட்டுமுன் தோட்டத்துக்குப் போனேன். பெட்டி காலி. பத்து மணி வெயிலில் மொத்தமாக எழும்பித் தெற்கே போனதைச் செல்லக்கிளி அக்கா பார்த்திருக்கிறாள். ஒரு வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் குறைகிறது. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், நீங்கள் சென்னையிலிருந்து வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் பொய் சொல்லி நிலம் பிடித்தவர்கள் இந்த ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். எனவே நீங்கள் கையெழுத்துப் போடலாம். நிலம் உங்களுடையது, நம் பேச்சும் அதுதான். போட்டால் நான் உங்களோடு பேச மாட்டேன். இது மிரட்டல் இல்லை மாமா, தகவல்.