ரெண்டுல எது பெருசு?

ஒரு டிக் மனிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் கிளிப் வைத்த அட்டை, முகத்தில் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பிய களை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு, கட்டத்துக்குள் ஒரு டிக் உண்டு, ஆளுக்கு ஒரு டிக்குக்கு மேல் கிடையாது என்பது இவருடைய மதம். கெட்டவரா? இல்லை. கெட்டவராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்குவார். இவர் நல்லது செய்ய நம் வீட்டுக்கே வந்துவிடுகிறார். சங்கடமே அதுதான்.

எங்கள் ஆம்பூரில் இந்த இனத்துக்குத் தலைசிறந்த உதாரணம் பரந்தாமன் சார். தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பவர். தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார், ஒரு புரட்டுப் புரட்டுவார், முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்று அடுக்கில் ஒன்றின் மேல் எறிவார். ஓட்டையும் கீறலும் சேர்ந்தே இருக்கிற தோலை என்ன செய்வார்? எது பெரிதோ அதைப் பார்த்து எறிவார். இருபது வருஷமாக ஒரு தோல்கூட அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம், ஊனமுற்றோர் ஆண்டு என்று வேலூர்ச் சங்கம் ஒன்று காது கேளாத குழந்தைகளைக் கணக்கெடுக்கச் சொல்லி அவரிடம் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்தது. தமிழும் உருதும் படித்த டீச்சர் என்பதால் என்னையும் கூட அனுப்பினார்கள். படிவத்தின் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘குறையின் வகை: ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்.’ பரந்தாமன் சார் அதை மூன்று முறை வாசித்தார். தமக்காகவே யாரோ எழுதியது போல அவர் முகம் மலர்ந்தது.

முதலில் குடியாத்தம். லுங்கி நெய்கிற பூங்காவனத்தின் மகனுக்குக் காது கேட்காது, இளம்பிள்ளை வாதத்தில் இடது காலும் போய்விட்டது. பரந்தாமன் சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, பிறகு அந்த வட்டாரம் முழுவதும் பிரசித்தமாகிவிட்ட கேள்வியைக் கேட்டார்.

“ரெண்டுல எது பெருசும்மா?”

“இன்னா சார் கேக்குற? கூப்ட்டா கேக்காது. கேட்டாலும் ஓடியார முடியாது. இதுல பெருசு சிறுசு இன்னா இருக்குது?”

“ஏதாச்சும் ஒண்ணு சொல்லும்மா. கட்டம் ஒண்ணுதான் இருக்குது.”

“அப்ப கட்டத்தப் பெருசா போடு.”

கட்டம் பெரிதாகவில்லை. கால் கண்ணுக்குத் தெரிந்தது, காது தெரியவில்லை. காலுக்கு டிக் விழுந்தது. அந்தப் பையன் காது கேளாதோர் கணக்கிலிருந்து அன்றே குணமாகி வெளியேறினான்.

அடுத்து ஆம்பூர், மசூதித் தெரு. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, திரைக்குப் பின்னால் இருக்கிற தாய்மார்களிடம், “எத்தினி பசங்களுக்குக் காது கேக்காது?” என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கள் பக்கத்தில் பசங்க என்றால் பையன்கள். பெண்கள் பொண்ணுங்க. கேட்டதற்குத்தானே பதில் வரும்? தெருக்கோடியில் அட்டையைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “ஒம்போதும் ஆம்பளப் புள்ளைங்க! இந்தத் தெருவுல பொம்பளப் புள்ளைங்களுக்குக் காது ரொம்ப நல்லா இருக்குதும்மா.” அதற்கு என்ன காரணம் என்றுகூட ஒரு பத்தி எழுதத் தொடங்கிவிட்டார். தண்ணீர் காரணமாக இருக்கலாமாம்.

உள்ளே போய்ப் பார்த்தவள் நான். காது கேளாத பெண் குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே தெருவை மறுபடியும் தொடங்கினார்.

அந்த நால்வரில் ஒருத்தி வஜீதா. ஒன்பதரை வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சாப்பாட்டுத் தட்டைப் பக்கவாட்டில் நீட்டினால் தெரியாது, முகத்துக்கு நேரே காட்டினால் வாங்கிக்கொள்வாள். வெளிச்சம் குறைந்த அறையில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பாள். பார்வை வருஷத்துக்கு வருஷம் சுருங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் இருக்கும்போதே அவள் எழுத்துக் கற்றுக்கொண்டாக வேண்டும். கற்றுத்தர விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. பத்து வயது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். சங்கம் வேலூரில் நடத்தும் மருத்துவ முகாமுக்கு அழைப்பு வந்தால்தான் பள்ளி, இந்தப் படிவத்தில் குறை அதிகம் என்று இருந்தால்தான் அழைப்பு.

அவள் அம்மா அன்வரி பேகம் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “காது கம்மி சார். கண்ணும் கம்மி.”

பரந்தாமன் சார் எழுதினார். குறையின் அளவு: கம்மி.

நான்கு வீடு தள்ளி ஜியாவுல்லா. ஒரு காதில் சீழ் வடியும், மற்றபடி தெரு முனையில் ஐஸ் வண்டி மணி அடித்தால் முதலில் ஓடுகிறவன் அவன்தான். அவன் தகப்பனார் நசீர் அகமது அலுத்துக்கொண்டார்: “தொந்தரவு ஜாஸ்தி சார்.”

எழுதினார். குறையின் அளவு: ஜாஸ்தி.

அழைப்புப் பட்டியல் வந்தது. ஜியாவுல்லா பெயர் முதலில். வஜீதா இல்லை. அன்வரி பேகம் என்னிடம் சண்டை போடவில்லை. “ஏன் டீச்சர், பேரு வர்றதுக்கு எம் பொண்ணு இன்னும் எவ்ளோ கெட்டுப்போவணும்?” என்று மட்டும் கேட்டார்.

பரந்தாமன் சாரிடம் போய்க் கம்மிக்கு அர்த்தம் சொன்னேன். நல்ல மனிதர், பதறிப்போனார். ஆனால் படிவத்தில் அடித்துத் திருத்தக் கூடாது என்று விதி. யோசித்தார். கிழிக்கக் கூடாது என்று விதி இல்லை. கிழித்தார். புதுப் படிவம் எடுத்துப் பேனா மூடியைத் திருகினார். காதா, கண்ணா? என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில், தம் பிரசித்தமான கேள்வியைக் கேட்காமல் மூடிக்கொண்டார். பிறகு இன்னொரு படிவத்தை உருவினார். ஒன்றில் காதுக்கு ஒரு டிக், மற்றதில் கண்ணுக்கு ஒரு டிக். குறையின் அளவு, இரண்டிலும் ஜாஸ்தி. விதியும் மீறவில்லை, உண்மையும் விடுபடவில்லை. ஆம்பூரின் மக்கள்தொகைதான் ஒன்று கூடிவிட்டது.

இரண்டு படிவத்துக்கும் அழைப்பு வந்தது. முகாமில் லேடி டாக்டர் கூப்பிட்டார். “வஜீதா, காது.” அன்வரி பேகம் மகளோடு போய் நின்றார். “வஜீதா, கண்.” நின்ற இடத்திலேயே நின்றார்.

“இன்னொரு பொண்ணு எங்கம்மா?”

“ரெண்டும் இவதாம்மா.”

டாக்டர் பரந்தாமன் சாரைப் பார்த்தார். பரந்தாமன் சார் கூரையைப் பார்த்தார். டாக்டர் மேசையில் கிடந்த ஒரு குண்டூசியை எடுத்து இரண்டு படிவத்தையும் சேர்த்துக் குத்தினார். அவ்வளவுதான். ஒரு குண்டூசி.

“டாக்டர், இத எந்த அடுக்குல வெக்கறது?” என்றார் பரந்தாமன் சார், கவலையோடு.

“எல்லாத்துக்கும் மேல வைங்க.”

ஜூன் மாதம் வஜீதா பள்ளியில் சேர்ந்தாள். பூங்காவனத்தின் மகனுக்காக அந்த வாரமே குடியாத்தம் போய்விட்டு வந்தோம், இரண்டு படிவம், ஒரு குண்டூசியுடன். சங்கத்தின் ஆண்டறிக்கையில் மட்டும், ‘காது கேளாமையோடு வேறு குறையும் உள்ள குழந்தைகள்: எவருமில்லை’ என்று இன்றும் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்கள் ஆபீஸிலோ தெருவிலோ இருக்கிற ஒருவர் நினைவுக்கு வந்து, ‘அச்சு அசல் இவரேதான்’ என்று சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. ஓர் ஆளுக்கு ஒரு டிக் போட்டுவிட்டீர்கள். கையில் பேனாகூட வேண்டியிருக்கவில்லை.

நான் மட்டும் என்ன? முகாம் முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் வெளிச்சம் இல்லை. யாரும் சொல்லாமலே, வஜீதாவின் முகத்துக்கு நேரே தம் கையைக் கொண்டுபோய்க் காட்டி, அவள் பிடித்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று அவளை இறக்கிக்கொண்டு வந்தவர் பரந்தாமன் சார்தான். அதை எழுத இந்தக் கட்டுரையில் நான் கட்டமே போடவில்லை.

உங்களிடம் ஒரு குண்டூசி இருக்குமா?