தொட்டிக்குள் ஆய்வகச் சாவி

"அதோ கிடக்கு பாருங்க," என்று அறிவியல் வாத்தியார் தண்ணீர்த் தொட்டிக்குள் விரலை நீட்டினார்.

ஆய்வக உதவியாளர் அம்மா எட்டிப் பார்த்தார். ஆய்வகச் சாவிதான். சிவப்பு நாடாவோடு தண்ணீருக்குள் பளிச்சென்று தெரிந்தது.

செய்முறைத் தேர்வுக்கு இன்னும் இருபது நிமிடம். வாத்தியார் ஏற்கெனவே இரண்டு சாவி தொலைத்தவர். மூன்றாவதும் போனால் ஆய்வகம் வேறு கைக்குப் போகும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

"கையை விட்டு எடுத்துடுங்க சார்."

"அவசரப்படாதீங்கம்மா. இது ஒளிவிலகல், ரெண்டாம் பாடம். சாவி தெரியற இடத்துல இருக்காது, அதுக்கும் கீழே இருக்கும்."

தோள்வரை கையை விட்டார். தண்ணீர் கலங்கியது, சாவி மறைந்தது. தெளிந்ததும் மறுபடி தெரிந்தது. சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"சார்..." என்று ஒரு குரல். கடைசி பெஞ்சுப் பெண். காலையில் ஒளி எதிரொளிப்பைப் பற்றிக் கேட்டதற்குத் திருதிருவென்று விழித்ததால் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவள்.

"முதல் பாடமே தெரியாது. நீ ரெண்டாம் பாடத்துல மூக்கை நுழைக்காதே."

உதவியாளர் அம்மா வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். பன்னிரண்டாவது வாளியில் நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

"என்ன சார் இது, தண்ணி குறையக் குறைய சாவி இன்னும் கீழே போகுது?"

"போகாதும்மா. புத்தகத்துல அப்படி இல்லை."

இறைத்த தண்ணீர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். இந்த மூலையில் இருந்த சாவி அந்த மூலைக்குப் போனது. அவர் அங்கே போனார், அது இங்கே வந்தது.

"சார்..."

"வாயை மூடு."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஈரச் செருப்பு சளக் சளக்கென்று சத்தமிட, தலைமையாசிரியை வந்து நின்றார்.

"சாவி எங்கே சார்?"

"தெரியுது மேடம். கைக்குத்தான் வரலை," என்று சொல்லிவிட்டு, கடைசி முயற்சியாக வாத்தியார் தலையோடு முங்கினார்.

வெறுங்கையோடு எழுந்தபோது, தொட்டி விளிம்பில் கடைசி பெஞ்சுப் பெண் நின்றிருந்தாள். அவள் கையில் சிவப்பு நாடா. அதன் நுனியில் சாவி. மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கண்ணில் நீரே வந்துவிட்டது, ஏற்கெனவே நனைந்த முகமானதால் யாருக்கும் தெரியவில்லை.

நாடாவைத் தொட்டுப் பார்த்தார். ஈரமே இல்லை.

"எங்கேருந்தும்மா எடுத்தே?"

"காலையில இங்கே கை கழுவறப்போ உங்க தலைக்கு மேலே மாட்டினீங்களே, அந்த ஆணியிலேருந்துதான் சார். நீங்க இவ்வளவு நேரம் தேடினது முதல் பாடத்தை."