ஏழு பேர்ச்சஸ் சமதரை

படித்தவன் முட்டாள்தனம் செய்வதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. யாரும் தடுக்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே காணியை நான் பாழாக்கியபோது லயத்தில் ஒருவர்கூட என் கையைப் பிடிக்கவில்லை. (ஒருவர் பிடித்தார். அவர் மீதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்கு வருகிறேன்.)

இலங்கையில் பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வேலையாட்களுக்குத் தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை அறைகள்தான் லயம். நாலு தலைமுறையாக மலை மலையாகத் தேயிலை நட்டுக் கொடுத்த எங்களுக்கு, சொந்தம் என்று சொல்ல ஒரு பூச்சட்டி மண்கூட இருந்ததில்லை. ஒரு நாள் வீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் (ஒரு சின்ன வீடு கொள்ளும் அளவு நிலம்) என்று சீட்டுக் குலுக்கினார்கள். அப்பாவுக்கு மேல்மலைச் சரிவில் ஒரு துண்டு விழுந்தது. பக்கத்து லயத்து மலரக்காவுக்குக் கீழே ஆற்றோரச் சமதரை விழுந்தது.

அந்த வீட்டுக்காக அதிகம் காத்திருந்தவர் அம்மாதான். கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கியே அவருடைய இரண்டு முழங்காலும் போயிருந்தன. ஆனால் லயத்து அறை, வேலைக்கு ஆள் அனுப்பும் குடும்பத்துக்கு மட்டும்தான். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அம்மாவும் தோட்டத்துப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டால் அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள்.

"கூரை போட்ட மறுநாளே பேர வெட்டிக்கிறேன். அப்புறம் எந்த மலைக்கும் ஏற மாட்டேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அப்போதுதான் ஹட்டனில் உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் எழுதி ஏ எடுத்திருந்தேன். லயத்தில் அந்தப் பாடத்தில் ஏ எடுத்த முதல் ஆள். மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று மண்புழுக்களே ஒப்புக்கொள்ளும் என்ற நினைப்பில் இருந்தேன்.

சமதரை என்றால் மலையில் பிறந்தவனுக்கு என்ன ஆசை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் கிரிக்கெட் பந்தை ஓங்கி அடித்தால் ஆறு ஓட்டமா என்று யாரும் பார்ப்பதில்லை, எந்தத் தோட்டத்தில் போய் விழுந்தது என்றுதான் விசாரிப்போம். அப்படிப்பட்ட ஊரில் மேசை மாதிரி ஒரு நிலம்! பாறை இடுக்கில்கூடத் தேயிலையைச் செருகிய வெள்ளைக்காரன் இந்த இடத்தை மட்டும் ஏன் வெறுமனே விட்டுவைத்தான் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நேராக மலரக்காவிடம் போய், காணியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. மாட்டுக்குப் புல்லறுக்கப் போனாலே முழங்கால் வரைக்கும் பொதையும். மழை விட்டு ஒரு வாரமானாலும் தண்ணி வத்தாது" என்றார்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள், நல்ல இடத்தை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் கதை விடுகிறார் என்று நினைத்தேன். மூன்று சாயங்காலம் விடாமல் போய் அரித்தெடுத்தேன். கடைசியில் அவர், "சரி, பெறகு என்னையச் சொல்லக் கூடாது" என்று சம்மதித்தார். (சொல்லவில்லை அக்கா. இன்று வரை சொல்லவில்லை.)

அப்பா வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டியவர். தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று மண்வெட்டி பட்ட சத்தத்திலேயே சொல்வார். ஆனால் என்னிடம் தயங்கித்தான் பேசினார்.

"சரிவுல கான் வெட்டிக்கிட்டா வீடு நிக்கும்பா. கீழ தண்ணி எங்க போகும்?"

"அப்பா, அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு. மேல மண்சரிவு வந்தா என்ன செய்வீங்க?"

"சரிப்பா, நீ படிச்சவன்" என்று கையெழுத்துப் போட்டார்.

அஸ்திவாரத்துக்கு முதல் நாள் மூலையில் குழி தோண்டினோம். ஒன்றரை அடியில் மண்வெட்டி 'ணங்' என்றது. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக்கல். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தீங்களா, பாறை மேல வீடு! எவ்வளவு பலம்!"

அன்றிரவு மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. காலையில் கல் வைக்கும் நல்ல நேரத்துக்கு லயமே திரண்டு வந்து பார்த்தால், குழி விளிம்பு வரை நிரம்பித் தளும்பியது. கட்ட வந்திருந்த பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மேசன் பாஸ் எட்டிப் பார்த்து, "மல்லி, மேக இடமக் நெமெயி, வெவக்" என்றார். தம்பி, இது காணியில்லை, குளம்.

"இறைச்சிட்டா சரியாயிரும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு உள்ளே குதித்தேன். நான் இறைக்க இறைக்கச் சுற்றியிருந்த களிமண் நிதானமாகத் தண்ணீரைக் கசியவிட்டது. பூசாரி, "நேரம் போகுதுங்க, நேரம் போகுதுங்க" என்று பறந்தார். இறங்கினவனே கல்லை வைக்கட்டும் என்று மஞ்சள் குங்குமம் வைத்த செங்கல்லை என் கையில் கொடுத்தார்கள். ஓரத்துச் சேற்றில் வைத்தேன். கல் மெதுவாகச் சாய்ந்து, ஒரு குமிழி விட்டு, மறைந்தது. நவதானியம் மட்டும் மிதந்தது.

சரி, ஏறிவிடலாம் என்று பார்த்தால், வலது காலை எடுத்தால் இடது கால் இறங்கியது. குழியின் கரையே கரைந்து என் மேல் சரிய, வழுக்கி உட்கார்ந்துவிட்டேன், இடுப்பு வரை களிமண். மலரக்கா ஓடிப்போய் மாட்டுக் கயிற்றைக் கொண்டுவந்தார். நாலு பேர் இழுத்தார்கள். நான் வந்தேன், வேட்டி வரவில்லை. ஒரு செருப்பையும் களிமண் வைத்துக்கொண்டது.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யாரோ கொடுத்த துவாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி நின்றபோதுதான் பரீட்சைக் கேள்வி ஞாபகம் வந்தது. சுண்ணாம்புக்கல் மீதுள்ள வெள்ளச் சமவெளிகளில் காணப்படும், ஆழம் குறைந்த, நீர் வடியாத களிமண்ணின் இயல்புகளை விளக்குக. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன், படத்தோடு. கட்டடங்களுக்கு உகந்ததல்ல என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்து பார்த்த அதிகாரி, இங்கே மலசலகூடக் குழிகூட வெட்ட முடியாது, வீட்டுக்கு அனுமதி இல்லை என்றார். வேறு காணி கேட்டு எழுதினோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைதான் என்று பதில் வந்தது. மலரக்கா அறைக்கு வந்து அப்பாவிடம், "அண்ணே, திரும்ப மாத்திக்குவோம்" என்றார். மேலே அவருடைய சுவர் ஏற்கெனவே இடுப்பளவு எழும்பியிருந்தது.

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு நீங்க எங்க போவீங்க? கட்டுங்க தங்கச்சி" என்றார் அப்பா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது நான் பாடசாலையில் விவசாயம் படிப்பிக்கிறேன். அந்தக் களிமண் பாடத்தையும்தான். வாடகைக்கு வீடு எடுக்கிறேன் என்று பல முறை கூப்பிட்டுவிட்டேன். "வாடகை வீட்டுக்காரன் போன்னு சொன்னா? லயத்த விட்டுட்டா திரும்பத் தருவாங்களா?" என்று கேட்டு அம்மா அசைய மறுக்கிறார். இரண்டாவது முறை என் யோசனையைக் கேட்க அவர் தயாரில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

காலையில் நான் பஸ்ஸுக்குக் கீழே இறங்கும் நேரத்தில்தான் அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மேலே ஏறுவார். வாசலில் உறவினர் யாராவது இருந்தால் போதும், அவருடைய அந்தப் பகிடி தவறாமல் வரும்.

"சாரு மண்ணப் பத்திப் படிச்சுக் குடுக்கப் போறாரு. நான் போயி இந்த அறைக்கு இன்னும் ஒரு நாள வாங்கிட்டு வாறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நானும் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். ஐம்பத்தெட்டு வயது அம்மா, இரண்டு படிக்கு ஒருமுறை நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருப்பார்.