ஆராயியின் ஒரே வசனம்

“மன்னா! எதிரிப்படை நம் கோட்டை வாசலை முற்றுகையிட்டுவிட்டது!”

ஆராயி சொல்ல வேண்டியது இவ்வளவுதான். காவலாளி வேடம், கையில் ஈட்டி, நாடகம் முழுக்க இந்த ஒரே வசனம். ஈட்டியைத் தரையில் ஊன்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் சொன்னது வேறு.

“ஏனுங்க மன்னா, வாசல்ல ஆரோ நாலு பேரு வந்து நிக்கறாங்கோ.”

காலி மூட்டைகளை அடுக்கிச் செய்த அரியணையில் இருந்த மன்னர் கிருஷ்ணம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ராணி அருக்காணி மன்னர் முதுகில் சாய்ந்து சிரித்தாள்.

நாடகத்தை எழுதி இயக்கும் காளியண்ணன் எடைத் தராசின் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“ஆராயி, நாலு பேரு இல்லே. படை! படைன்னா ஆயிரம் பேரு.”

“ஆயிரம் பேருங்களா? அத்தனை பேரு நிக்க நம்ம களத்துல எடம் ஏதுங்க?”

காளியண்ணன் மஞ்சக்குட்டைப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். பகலில் பழம் பறிக்கும் பெண்களை மேற்பார்வை பார்ப்பதும், மாலையில் அவர்கள் பறித்ததை எடை போட்டு அனுப்புவதும் அவர் வேலை. அது பிழைப்புக்கு. நினைப்புக்கு அவர் நாடக ஆசிரியர்.

சீசன் முடிந்ததும் எஸ்டேட்டில் ஒரு விருந்து நடக்கும். சேலத்திலிருந்து முதலாளி குடும்பத்தோடு வருவார். காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்தில் பந்தல் போட்டு, அன்று மாலை ‘வேங்கைமலை வேந்தன்’ அரங்கேற வேண்டும்.

இதற்கு முன் இரண்டு வருஷம் இரண்டு நாடகம் போட்டிருந்தார். முதல் நாடகத்தில் கதாநாயகன் சின்னத்தம்பி தைரியத்துக்காகக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து, சாக வேண்டிய காட்சிக்கு முன்பே மேடையில் படுத்துவிட்டான். வில்லன் அவனை எழுப்பி எழுப்பிக் கொல்ல வேண்டியிருந்தது. காளியண்ணன் அதிலிருந்து பாடம் கற்றார். அடுத்த வருஷம் நாடகத்தைப் பட்டப்பகலில் வைத்தார்.

பகலில் யாரும் குடிக்கவில்லை. ஆனால் முதல் காட்சியிலேயே பனிமூட்டம் இறங்கிவிட்டது. நடிகர்கள் ஒருவரையொருவர் கையால் தடவிக் கண்டுபிடித்து வசனம் பேசினார்கள். மூட்டம் விலகியபோது மேடையில் எல்லாரும் இருந்தார்கள். எதிரே ஒரு நாய் மட்டும் உட்கார்ந்திருந்தது.

அதிலும் பாடம் கற்றார். இந்த முறை சாயங்காலம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், ஆண்களுக்கு வேஷமே கிடையாது.

“தப்புதான் காவேரி எனக்கு வாத்தியாரு. ஒவ்வொரு தப்பும் ஒரு படி,” என்றார் மனைவியிடம்.

“நீங்க படி ஏறுனது போதுமுங்க,” என்றாள் காவேரி. “இதும் ஊத்திக்கிச்சுன்னா, பொட்டிக்குள்ளாற இருக்கற ராசா துணியெல்லாம் கிழிச்சுக் கரித்துணி ஆக்கிப்போடுவேன். அப்பறம் இந்த ஊட்டுல நாடகங்கற பேச்சே இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

காளியண்ணன் சத்தியம் பண்ணினார். காவேரி கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்த ராஜா உடுப்புகளை மணிமணியாகக் கோத்துத் தைத்தவளே அவள்தான். பனியில் ஒரு நாய்க்கு நாடகம் போட்ட புருஷனைப் பார்த்து ஊரே சிரித்ததை அவளால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே இந்த நாடகம் ஜெயித்தாக வேண்டும். ஆராயியோ வாசலில் நாலு பேர் என்கிறாள்.

“தப்பு எங்க பேர்ல இல்லீங்க ரைட்டரய்யா,” என்றாள் மன்னர் கிருஷ்ணம்மாள், கிரீடத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு. “நாள் பூராப் பறிக்கறோம். குளுரு வேற. வயித்துல ஒண்ணும் இல்லே. காய் பொறுக்கி, எடை போட்டு முடிக்கறப்பவே கண்ணு இருட்டுது. அப்பறம் தலைச்சோலையில இருக்கற ஊட்டுக்கு நடக்கோணும். வசனம் எங்கீங்க மண்டையில நிக்கும்?”

காளியண்ணன் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் முதல் எடைக் கொட்டகையில் கணப்பு மூட்டப்பட்டது. டீயும் பன்னும் வந்தன. பழத்தில் கலந்த பச்சைக் காயைப் படுதாவில் கொட்டிப் பொறுக்கும் நேரத்தை ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டு, மூட்டைகளை அப்படியே தராசில் ஏற்றினார். பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

டீ குடித்த மன்னர் குரல் கணீரென்று வந்தது. ஆனால் ராணி பேச வேண்டியதை மன்னர் பேசினார். ராணி மூன்றாம் காட்சியில் இறந்து, நாலாம் காட்சியில் வந்து பன் கேட்டாள். ஆராயி, “மன்னா, கோட்டை எதிரிப்படையை முற்றுகையிட்டுவிட்டது!” என்றாள்.

“பாருங்க, வார்த்தை பூரா வந்துருச்சு,” என்று பெருமையாகச் சொன்னாள். “எடந்தான் கொஞ்சம் மாறிப்போச்சு.”

அடுத்த வாரம் அருக்காணி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

“ரைட்டரய்யா, செடிக்கு முன்னால நின்னா வசனம் தானா வருதுங்க. இங்க கொட்டாயில நின்னா மறந்து போகுது.”

காளியண்ணன் நம்பவில்லை. மறுநாள் பறிக்கும் இடத்துக்கே போய் மறைந்து நின்று கேட்டார். நிஜம்தான். மேல் வரிசைச் செடியில் மன்னர் பழம் பறித்துக்கொண்டே கர்ஜித்தார். கீழ் வரிசையிலிருந்து ராணி கண்ணீர் மல்கப் பதில் சொன்னாள். நடு வரிசையில் ஆராயி மட்டும் எதிரிப்படையில் பாதியைத்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். ஆனாலும் காளியண்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“வேலையும் கலையும் ஒண்ணு! இதான் நான் பண்ணுன தப்பு,” என்று கூவினார். அன்றிலிருந்து பறிக்கும் நேரத்திலேயே ஒத்திகை. அவர் செடிகளுக்கு நடுவே கையை ஆட்டிக்கொண்டு ஓடினார், கூடைகளில் என்ன விழுகிறது என்று பார்க்க அவருக்குக் கண் ஏது?

சிக்கல் களத்துக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது. செடி இல்லாமல் ஒருத்திக்கும் வாய் திறக்கவில்லை. சரி என்று காப்பி நாற்றுகளைத் தொட்டியில் வைத்து மேடையில் வரிசையாக அடுக்கினார். இப்போது வசனம் வந்தது. கூடவே கையும் வந்தது. பறித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நாற்றில் பழம் இல்லாததால், மன்னர் ராணியிடம் காதல் பேசிக்கொண்டே அவள் உடுப்பிலிருந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பறித்துவிட்டார்.

காவேரி மணிகளைத் திரும்பக் கோத்தாள்.

“கையில கூடை இருந்தா கை அடங்கிருமுங்க,” என்றாள் கிருஷ்ணம்மாள்.

ஆகவே வேங்கைமலை வேந்தன் இடுப்பில் கூடையோடு அரசாண்டார். ராணி கூடையோடு அந்தப்புரத்தில் உலாவினாள். போர்க்களத்தில் இரண்டு படையும் கூடையோடு மோதின.

இந்த நேரம் பார்த்துப் பாக்கியநாதன் வந்து நின்றார். பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மிஷினைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

“ரைட்டரே, இந்த வருசம் மூட்டையில பச்சையா விழுவுதே. மிஷினு கடகடன்னு அழுவுது.”

“மழை முன்னப்பின்ன பேஞ்ச வருசம் பாக்கியநாதா. இயற்கையை நாம கேள்வி கேக்க முடியுமா?” என்றார் காளியண்ணன், மன்னரின் மீசையை ஒட்டிக்கொண்டே.

பாக்கியநாதன் மன்னரையும் அவர் கூடையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசி ஒத்திகை மகா மோசம். மன்னர் தன் பெயரை மறந்தார். எதிரி மன்னன் தானாகவே சரணடைந்துவிட்டான். ஆராயி ஈட்டியை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, “மன்னா! எதிரிப்படை…” என்று தொடங்கி, “டீ வந்துருச்சுங்களா?” என்று முடித்தாள்.

விருந்து நாள் காலையில் காளியண்ணன் கத்தரிக்கோலை எடுத்து மனைவி பக்கத்தில் வைத்தார்.

“சாயந்தரம் வேண்டியிருக்கும். அந்த நீல அங்கியை மட்டும் கடைசியாக் கிழி. அது உன் கையில வந்ததுலயே நல்லது.”

காவேரிக்கு அழுகை வந்துவிட்டது. “சும்மா இருங்க,” என்று சொல்லிக் கத்தரிக்கோலைப் பரணில் வீசினாள்.

மாலையில் களம் நிறைந்தது. முதலாளி முன் வரிசையில் உட்கார்ந்தார். பனி இறங்கவில்லை. காளியண்ணன் படுதாவுக்குப் பின்னால் நாடகப் பிரதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வசனம் எடுத்துக்கொடுக்கத் தயாராகக் குந்தினார்.

மன்னர் கிருஷ்ணம்மாள் மேடை ஏறினாள். கூடையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நாற்றுத்தொட்டிகளைக் காலால் ஒதுக்கினாள். காளியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

“என் வாளுக்கு உறை எதற்கு? என் நாட்டுக்குப் பயம் எதற்கு?” என்று ஒரு குரல் களத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பியது.

கண்ணைத் திறந்தார். அது அவர் எழுதிய வசனமேதான். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ராணி சரியான இடத்தில் அழுதாள், சரியான காட்சியில் செத்தாள், செத்தவள் எழவே இல்லை. ஆராயி ஈட்டியோடு ஓடி வந்து, “மன்னா! எதிரிப்படை நம் கோட்டை வாசலை முற்றுகையிட்டுவிட்டது!” என்று முழங்கியபோது முன்வரிசைக் குழந்தைகள் திரும்பிக் களத்தின் வாசலைப் பார்த்தார்கள். நாடகப் பிரதி மடியிலேயே கிடந்தது. காளியண்ணன் படுதாவைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

நாடகம் முடிந்ததும் முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். தன் கழுத்து மாலையைக் கழற்றிக் காளியண்ணனுக்குப் போட்டார். வருஷா வருஷம் நாடகம் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். காவேரி கூட்டத்துக்கு நடுவே நின்று எல்லாருக்கும் கேட்கும்படி, “எங்க ஊட்டுக்காரரு எழுதுனது,” என்றாள். காளியண்ணனுக்கு மாலையைவிட அதுதான் கனமாக இருந்தது.

விருந்துப் பந்தியில் அவர் எழுந்து பேசினார்.

“கணப்பு இல்லாம ஒத்திகை வெச்சது தப்பு. கொட்டாயில வெச்சது தப்பு. செடி தப்பு, கூடை தப்பு. அத்தனை தப்பும் பண்ணி, அத்தனையிலயும் பாடம் கத்துக்கிட்டோம். இன்னிக்கு ஜெயிச்சது நான் இல்லே, நம்ம தப்புங்கதான்!”

பெண்கள் பலமாகக் கைதட்டினார்கள். கிருஷ்ணம்மாள் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

காளியண்ணன் மனம் இளகி, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆராயியிடம் போய் நின்றார். பக்கத்தில் காவேரியும் நின்றாள்.

“ஆராயி, ஒரே ஒரு வசனத்துக்கு நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாவம், உனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது. அடுத்த வருசம் வாயே தொறக்காத வேஷமாத் தர்றேன், என்ன?”

ஆராயி சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள். முகம் சிவந்தது. கிருஷ்ணம்மாள் அவசரமாக அவள் தொடையைக் கிள்ளினாள். ஆராயி அந்தக் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க ரைட்டரய்யா, வசனமெல்லாம் எங்க அத்தனை பேருக்கும் மொத வாரமே மனப்பாடமுங்க, காய் பொறுக்காம, டீயும் பன்னும் தின்னுபோட்டுப் பொழுதோட ஊடு போய்ச் சேரத்தானுங்க சீசன் முச்சூடும் தப்புத்தப்பாச் சொன்னோம்!”