ஓடிப்போன புருஷனும் வீட்டுக் கடனும்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கடன் சங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்த மேற்பார்வையாளர். பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த என் அண்ணன். எட்டிப் பார்க்க வந்து உட்கார்ந்தே விட்ட பக்கத்து வீட்டு மேரியக்கா. நான். கட்டிலுக்கு அடியில், ஓடிப்போன என் புருஷன்.

அவரை ஓடிப்போக வைத்தது நான்தான். அந்த வயதில் எனக்கு என் மூளைமேல் நம்பிக்கை அதிகம். (இப்போது இல்லை.)

எழுபதுகளில் நடந்தது. புதுவாயலில் ஒரே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. சீட்டுக் கட்டி என் பேரில் மூன்று சென்ட் மனை வாங்கியிருந்தேன். குடியிருந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார். பொங்கலுக்குள் காலி செய்யச் சொன்னார். கடன் கிடைத்தால் சொந்த வீடு. கிடைக்காவிட்டால் தெரு.

புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் சங்கத்தில் கடன். அங்கேதான் சிக்கல்.

அவருக்குக் குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. ஜாமீன் கையெழுத்து ஒன்றுதான் பழக்கம். யார் வந்து தலையைச் சொறிந்தாலும் போட்டுவிடுவார். வாங்கினவர்கள் யாரும் கட்டவில்லை. சங்கத்துக்குச் சங்கம் சுவரில் இவர் பெயர் ஒட்டியிருந்தது. தனக்கென்று ஒரு ரூபாய்கூட அவர் கடன் வாங்கியதில்லை.

சங்கத்துக் குமாஸ்தா சொன்னார்: "உன் பேர்ல குடுக்கலாம்மா. அவரு பேரு சேர்ந்தா ஃபைலு நகராது."

"அவரு இல்லன்னா?"

"இல்லன்னா கூடப்பொறந்தவன் கையெழுத்து போதும்."

"அவரு ஓடிப்போயி ஆறு மாசம் ஆவுது சார்," என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஓடிப்போனவர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை. வெளியே போகச் சொல்லியிருக்கலாம். போன இடத்தில் யாருக்காவது கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார் என்று பயம். அதனால் கட்டிலுக்கு அடியில் போட்டேன்.

மேற்பார்வையாளர் நல்ல மாதிரி. "எப்படிம்மா போனாரு?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "அவனா சார்? ஒரு டப்புக்குப் பிரயோஜனம் இல்ல. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்க நைனா கைல சொன்னேன், வேணாம்னு." நடிக்கச் சொல்லித்தான் அழைத்தேன். அவர் நடிக்கவில்லை. பத்து வருஷமாக உள்ளே வைத்திருந்ததைக் கொட்டினார்.

மேரியக்காவும் சும்மா இருக்கவில்லை. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல துன்னுகினு இருந்த மன்ஷன் சார். போனதே நல்லது," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். (அன்று காலைதான் அவளுக்கு என் புருஷன் இரண்டு குடம் தண்ணீர் இறைத்துக் கொடுத்திருந்தார்.)

கட்டிலுக்கு அடியில் அசைவே இல்லை. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஒரு நிமிஷம் அவரை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

மேற்பார்வையாளர் சிபாரிசு எழுதப் பேனா மூடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து வாசலில் கோவிந்தன் வந்து நின்றான். என் புருஷனோடு பழைய பட்டறையில் வேலை பார்த்தவன்.

"அண்ணி, அண்ணன் கீறாரா?"

"ஓடிப்பூட்டாரு."

"ஐயையோ! அவரை நம்பிக்கினு வந்தேனே! பொண்ணுக்குக் கல்யாணம், அண்ணி. லோனுக்கு நாளைக்குத்தான் கடைசி. ஜாமீனுக்கு ஒருத்தனும் கையெழுத்து போட மாட்டேன்றான்." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். மேரியக்கா தன் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

கட்டில் ஆடியது. முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலை. தலையெல்லாம் ஒட்டடை.

"பேனா கீதா?" என்றார் என் புருஷன்.

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். "இது யாரும்மா?"

அண்ணன்தான் பதில் சொன்னார்: "ஓடிப்போனவரு சார்."

மேற்பார்வையாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ஃபைலைக் கட்டினார். வாசலில் செருப்பை மாட்டும்போது கோவிந்தனிடம் மட்டும் சொன்னார்: "இவரு கையெழுத்து எந்தச் சங்கத்துலயும் செல்லாதுய்யா. வேற ஆளப் பாரு."

அவர்கள் போன பிறகு கேட்டேன். "யோவ், உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? அண்ணன் அம்மாம் பேசுச்சு, அப்ப வரல. இப்ப ஏன்யா வந்த?"

"உங்கண்ணன் பேசுனது நெசந்தானே," என்றார். "இவன் பாவம். பொண்ணுக்குக் கல்யாணம்."

பொங்கலுக்கு முந்தின வாரம் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றினோம். மனையைப் பிறகு விற்று எங்கள் பெண்ணைக் கட்டிக் கொடுத்தோம். இன்றைக்கும் வீட்டில் யாராவது பேனா கேட்டால், "யாருக்கு ஜாமீன்?" என்று பெண் கேட்பாள். பேரப்பிள்ளைகளுக்கும் கதை தெரியும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் போய் வருஷமாகிறது. இந்தத் தடவை நிஜமாகவே. அதுவும் வாடகை வீட்டில்தான். பிணத்தைக் கூடத்தில் போட ஓனரிடம் அனுமதி கேட்டோம்.

அந்தப் பொங்கலிலிருந்து இன்றுவரை மாறிய வாடகை வீடுகள், பதினொன்று.