உழைக்குமாரும் இருகை வாளும்

கடைக்குப் போனோமா, பொருளை வாங்கினோமா, பயன்படுத்தினோமா என்று இருப்பவர்கள் ஓர் இனம். விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுத் திரும்புகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. வாங்குவதற்கு முன் தீர விசாரிக்கிற இனம். பொருளுக்கான தேவையே தீர்ந்து போகும்; இவர்களுடைய விசாரணை மட்டும் தீராது.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். குடைக்கடையில் குடையை ஒருமுறை விரித்துப் பார்ப்பவர் சாதாரண மனிதர். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி ஓசை கேட்டு, துணியை விளக்குக்கு நேரே பிடித்து ஓட்டை தேடி, மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, "இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்டு, கடைக்காரர் எந்தப் பதில் சொன்னாலும் அதைப் பொய்யென்று முடிவு கட்டி, வெறுங்கையோடு தெருவில் இறங்கி, கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டே "நல்லவேளை, ஏமாறவில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறாரே, அவர்தான் நாம் தேடுகிற ஆசாமி.

அப்படி ஒருவர் லிஃப்ட் பரிசோதகராக இருந்தார். உத்தியோகமே இரும்பைச் சந்தேகப்படுவதுதான். கட்டடம் கட்டடமாக ஏறி, இழுவைக் கம்பிகளைத் தடவி, கப்பிகளைத் தட்டி, பிரேக்கை முறைத்துப் பார்த்து, "தாங்குமா? உழைக்குமா?" என்று கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அவர் நாக்கில் குடியேறிவிட்டது. வீட்டில் தக்காளி வாங்கி வந்தாலும் "உழைக்குமா?" தலைவலிக்கு மாத்திரை கொடுத்தாலும் "உழைக்குமா?" அலுவலகத்துச் சகாக்கள் அதோடு ஒரு 'ர்' சேர்த்து அவரை உழைக்குமார் ஆக்கிவிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

உழைக்குமாரின் மனைவி ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். நாள் முழுக்க மற்றவர்களைப் பொறுமையாக இருக்கச் சொல்வது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் பொறுமையாக இருப்பது அவள் வேலை. ஒரே மகள் படிக்க வெளியூர் போனதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, "உப்பு போதுமா?" "ம்." "விசிறி போடட்டுமா?" "ம்." இதுதான் பேச்சு. ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"என்னங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது பண்ணலாமே?"

"என்ன பண்றது?"

"கார் கழுவுற இடத்துக்கு மேல மாடியில வாள் பயிற்சி சொல்லித் தராங்களாம். இருகை வாள். எதிர்வீட்டுத் தம்பி, அந்தப் பல் டாக்டர், போறாராம். எங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் உங்க தோளுக்கு ஏதாவது பயிற்சி வேணும்னு சொன்னாங்கல்ல?"

உழைக்குமார் யோசித்தார். அவருடைய தோள் பல வருஷங்களாகக் கையைப் பாதி வரைக்கும்தான் தூக்கும். மேலே இருக்கிற டப்பாவை எடுப்பதென்றால் மனைவியைத்தான் கூப்பிடுவார். போகலாம் என்றார். அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

பயிற்சி தருகிற அம்மாள் பகலில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். அந்தத் தொனி சாயங்காலமும் போகாது. "இடது கால் விடுங்க, விடுங்க, மெதுவா! பின்னாடி யாரு வர்றாங்கன்னு பாருங்க!" என்று அவர் கத்தும்போது, கீழே கார் கழுவுகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுத்துவிடுவார்கள். முதல் நாள் எல்லார் கையிலும் ஒரு மரவாளைக் கொடுத்தார். மனைவி வாங்கிக்கொண்டாள். உழைக்குமார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாகச் சாத்தி வைத்தார்.

"என்ன சார், பிடிக்கலையா?"

"கட்டையில பழகிட்டு அப்புறம் வாளுக்கு மாறினா கை ஏத்துக்காது மேடம். வாங்கினா ஒரே தடவையில சரியானதா வாங்கிடணும். நடைமுறை உபயோகத்துக்குத் தகுந்த, நீடிச்சு உழைக்கிற வாளா பாத்துட்டு வந்து சேர்ந்துக்கறேன்."

"சரி சார், அடுத்த வாரம் வாங்க," என்றார் அந்த அப்பாவி.

அடுத்த வாரமா? இந்த இனத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

மனைவி வாரம் இரண்டு சாயங்காலம் மரவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுப் படியிறங்கிப் போனாள். உழைக்குமார் வாளைப் படித்தார். படித்தார் என்றால் சும்மா இல்லை. துருப்பிடிக்காத எஃகு சமையலறைக் கத்திக்குச் சரி, நீள வாளுக்கு ஆகாது, ஓங்கி அடித்தால் முறியும். வில்லெஃகு என்றால் வளைந்து தானே நிமிரும். அலகின் எஃகு குறுகாமல் கைப்பிடியின் அடிவரை ஓட வேண்டும். அப்படியில்லாமல் உள்ளே ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து மேலே மரத்தை மூடி விற்கிற மகாபாவிகள் இருக்கிறார்கள். இரண்டு கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுகிற அளவுக்குப் பிடி நீளமாக இருக்க வேண்டும். பாரம் நுனியில் இல்லாமல் கைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லாம் உண்மை. இந்த இனத்தின் கொடுமையே அதுதான்: சொல்வதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

மோட்டார் அறையில் கிரீஸ் போடுகிற நேரத்தில் சகாக்களுக்கு எஃகுப் பாடம் நடந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கினார். மகள் போன் பண்ணி "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டால், "சாப்பிட்டேம்மா. கைப்பிடிக்குள்ள என்ன இருக்குன்னு வெளியிலேருந்து எப்படித் தெரியும், சொல்லு?" என்றார். மகள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

கடைசியில் வாள் கடைக்கும் போனார். முன்பக்கம் விளையாட்டுச் சாமான், பின்பக்கம் வாள். கடைக்காரர் அனுபவசாலி, முதல் கேள்வியிலேயே ஆளை எடை போடுவார்.

"சுவத்துல மாட்டவா, நாடகத்துக்கா, வெட்டிப் பழகவா?"

"உபயோகத்துக்கு."

"அதான், என்ன உபயோகத்துக்கு?"

"நடைமுறை உபயோகத்துக்கு."

"நடைமுறையில என்ன பண்ணப் போறீங்க?"

உழைக்குமார் எத்தனையோ மாதங்களாகப் படித்ததில் இந்த ஒரு கேள்வி எங்குமே வரவில்லை.

கேள்வி மட்டும் அவரை மடக்கிவிடுமா என்ன? மூன்று வாள்களை இறக்கச் சொன்னார். ஒன்று அழகு, ஒன்று இலேசு, ஒன்று கெட்டி. ஒவ்வொன்றையும் லிஃப்ட் கம்பியைத் தடவுவதுபோல் தடவினார், நகத்தால் சுண்டினார், காதோரம் வைத்துக் கேட்டார், கைப்பிடியைக் கழற்றிக் காட்டச் சொன்னார், கழற்றியதும், "கழட்டினா கழண்டுடுதே, இது உழைக்குமா?" என்றார். கடைக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பின் உழைக்குமார் பல சனிக்கிழமைகள் அங்கே வந்தார். புதிதாக வருகிறவர்கள் அவரைக் கடைச் சிப்பந்தி என்று நினைத்து விவரம் கேட்டார்கள். அவர் சொன்ன விவரத்தில் ஒருவரும் வாங்கவில்லை.

இதற்கிடையில் மாடியில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. மனைவிக்கு வாள் வசப்பட்டுக்கொண்டிருந்தது. முதலில் காலடி, பிறகு தோள், பிறகு மூச்சு. ஆஸ்பத்திரி மேசையில் யார் கத்தினாலும் கூனிக் குறுகுகிறவள், இப்போது நிமிர்ந்து பார்த்து "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள், கத்தினவர் உட்கார்ந்தார். பயிற்சிக் கூடத்தில் குடும்பத்தாரை அழைத்துச் செய்து காட்டுகிற நாள் நெருங்கியது. ஜோடி ஜோடியாகச் செய்ய வேண்டும்.

"நீங்க வந்து எங்கூட நில்லுங்களேன்," என்றாள் முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது. "நாலு அசைவுதான். நான் சொல்லித் தரேன். கட்டை வாள் போதும்."

"இன்னும் கொஞ்சம் பொறு. ரெண்டுக்கு வந்துட்டேன். கெட்டியா, இலேசாங்கறதுதான் பாக்கி."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "நான் வாள் கேக்கலைங்க. உங்களைத்தான் கேட்டேன்."

உழைக்குமாருக்கு அது காதில் விழுந்தது. மனதிலும் விழுந்தது. ஆனால் இந்த இனத்துக்கு ஒரு விசேஷ குணம்: மனதில் ஏதாவது விழுந்தால் உடனே கடைக்கு ஓடுவார்கள். மறுநாள், செய்து காட்டுகிற அன்றே, ஓடினார். கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கப் பார்க்க, ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு வாளை வாங்கிக்கொண்டு, உறையோடு மார்பில் அணைத்தபடி மாடிப்படி ஏறினார்.

உள்ளே ஆரம்பமாகிவிட்டது. நடுவில் அவர் மனைவி. எதிரே பல் டாக்டர். பாவம், அவர் வாளை இடுக்கி மாதிரி பிடித்திருந்தார்; இவள் அடிக்க அடிக்கப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். கட்டையும் கட்டையும் மோதுகிற சத்தம் கூரையில் பட்டுத் திரும்பியது. டாக்டரின் மூக்குக்கண்ணாடி ஒருபக்கமாகச் சரிந்து தொங்கியது. அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. மகள் ஊருக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பை உழைக்குமார் கேட்கவே இல்லை. போன பிறகா? அதற்கு முன்னால் எப்போது கேட்டோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும், என்ன நினைத்தாரோ, அவரும் நடுவுக்கு வந்துவிட்டார். உறையிலிருந்து உருவினார். ஜன்னல் வெளிச்சத்தில் வாள் மின்னியது. கூட்டம் "ஆ" என்றது. இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் ஓங்கப் போனார்.

ஓங்கினது பாதியிலேயே நின்றது. தோள் பிடித்துக்கொண்டது. கை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கோபாவேசமான சிலை மாதிரி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட அவர் நிற்க, இதுவும் ஓர் அசைவு என்று நினைத்துக் கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் போட்டோ எடுத்தார்.

புரிந்துகொண்டது ஒருத்திதான். அவள் பின்பக்கமாக வந்து, எட்டி, முதலில் வாளை மெதுவாக வாங்கினாள். அப்புறம் விரல்களால் அவர் தோளை அழுத்தி, "மூச்சு விடுங்க. விடுங்க. இப்ப கையை இறக்குங்க," என்றாள். பல் டாக்டர் பதற்றத்தில் ஓடிவந்து, "அண்ணே, வாயை நல்லாத் திறங்க!" என்றார். பழக்கதோஷம்.

கை இறங்கிய பிறகு மனைவி அந்த வாளைப் பார்த்தாள். காலை அகட்டி நின்று, மேலே கொண்டு போய், காற்றில் ஒரே ஒரு வீச்சு. விர்ரென்று ஒரு சத்தம். வாள் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. பயிற்சி அம்மாள் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அருமையான வாள் சார். நல்லாப் பாத்து எடுத்திருக்கீங்க. இது உழைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எப்ப உழைக்கப் போறீங்க?"

உழைக்குமார் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு விசாரணை இல்லாமல் பதில் சொன்னார். "இப்பவே." மூலையில் சாத்திக் கிடந்தவற்றில், நடுவில் விரிசல் விட்டுக் கறுப்புப் பட்டை சுற்றிய, எவரும் தொடாத ஒரு கட்டை வாளை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். எந்த மரம் என்று கேட்கக்கூட இல்லை. மனைவி அவர் எதிரே வந்து நின்றாள். "இடது கால் முன்னாடி. அது வலது கால்ங்க."

இப்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் படியிறங்குகிறார்கள். நல்ல வாள் அவள் தோளில், பட்டை சுற்றிய கட்டை அவர் தோளில். பயிற்சி முடிந்ததும் அலகைத் துடைத்து எண்ணெய் போடுவது அவர் பொறுப்பு; அதை அவரைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை. கை இப்போது மேல் தட்டு டப்பா வரைக்கும் போகிறது. சாப்பாட்டு மேசையில் 'ம்' குறைந்து, யார் யாரை எத்தனை தடவை அடித்தார்கள் என்ற தகராறு அதிகமாகிவிட்டது.

ஆக, கதை சுபம். எழுந்து போகலாம்.

என்ன, இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஏதோ கேட்க வேண்டும் போல முகத்தை வைத்திருக்கிறீர்களே? கடைசியில் அவர் எந்த வாளைத்தான் வாங்கினார், இலேசா, கெட்டியா, ஒருவேளை அந்த அழகையா, எந்த எஃகு, நீளம் எவ்வளவு, அந்தக் கடை எங்கே இருக்கிறது என்றா? வேண்டுமென்றுதான் சொல்லாமல் விட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்துத் திருப்தியடைந்தவர்கள் போய்விட்டார்கள். போகாமல் நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் இந்நேரம் யாரோ ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறார். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.