நோயாளிகள் பட்டியலில் டேரில்

மினசோட்டா,
நவம்பர் 9

கர்த்தருடைய கிருபைக்குள் இருக்கும் லோயிஸ் அக்காவுக்கு, தங்கை மார்னி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் தங்கை புருஷன் சுகமா என்று கேட்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை டேரிலுக்கு முனைவர் பட்டத்துக்கு முந்தைய பெரிய தேர்வு. நான்கு பேராசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். போன முறை தவறிவிட்டார். இந்த முறையும் தவறினால் படிப்பே போச்சு. அவர் படிக்கவேண்டிய பட்டியலில் நூற்றிருபது புத்தகங்கள் என்று நோட்டில் எழுதி, படித்து முடித்ததை அடித்துக்கொண்டே வந்தேன். பத்தைக் குறைத்து வாங்கி வாருங்கள் என்று பேராசிரியர் ஹால்வர்சனிடம் அனுப்பினால், மனுஷன் பதினாலு கூட வாங்கிக்கொண்டு வருகிறார். "இதெல்லாம் படிச்சிருப்பீங்களேன்னாரு. இல்லேன்னு எப்படிச் சொல்றது மார்னி?" என்கிறார். சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகம். ஒன்றரை வருஷமாக மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறோம். சூப்பில் உப்புப் போதுமா என்றால், "இதுல ரெண்டு தரப்பு இருக்கு" என்று ஆரம்பிக்கிறார், சூப் ஆறிப்போகிறது. துறவி மடங்களின் வரலாற்றுக் கேள்விகளை அட்டையில் எழுதி நான்தான் கேட்கிறேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே எனக்குப் பதில் வந்துவிடுகிறது, அவருக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

மனசு கேட்காமல் சபையின் ஜெபப் பட்டியலுக்குப் பெயர் கொடுத்தேன். நோயாளிகள் என்ற தலைப்புக்குக் கீழே போட்டுவிட்டார்கள். மறுநாளே சபையின் வெர்னா அம்மா, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பதார்த்தப் பாத்திரத்தோடு வாசலில்.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"ஒன்றரை வருஷமா."

"ஆளு அடையாளம் தெரியுதா?"

"சில நேரம் தெரியும்."

அந்நேரம் பார்த்து டேரில் தாடியும் போர்வையுமாக எட்டிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தம்மா அழுதுவிட்டார். ஐந்து நாளில் ஆறு பாத்திரம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை அக்கா; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சமைக்கத் தெம்பில்லை.

வருகிற வியாழனோடு எல்லாம் தீர்ந்துவிடும். மேசையைத் துடைத்து விரிப்புப் போட்டு வைக்கிறேன். மாசக் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு நீங்கள் எல்லாரும் இங்கேதான் வரவேண்டும். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்புத் தங்கை,
மார்னி

பி.கு.: இன்று வெள்ளி. தபாலில் போட மறந்துவிட்டேன். தேறிவிட்டார், தோத்திரம்! துறவி மடக் கேள்விக்கு நான் ஈரக் கையோடு சொன்ன பதிலையே சொன்னாராம். சந்தோஷமாக மேசையைக் காலி செய்யப் போனேன். "ஐயோ, அதத் தொடாத! இனிமேத்தான் ஆய்வேடே எழுதணும். நாலஞ்சு வருஷம் ஆகும்" என்றார். விருந்துக்கு நாங்களே அங்கே வருகிறோம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று போதகர் கேட்டார். இருக்கட்டும், அவருக்குக் கீழே என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.